ஜோடி இல்லாத ஜாடி

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்ததும் சுற்றுச்சூழல் ப்ராஜெக்டை யாரோ தலையில் கட்டிவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தலையிலும் அப்படித்தான் கட்டினார்கள். கொல்கத்தாவில், பவானிபூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். துறையில் நான்தான் ஜூனியர், அதுவும் மதராஸி. யாருக்கும் வேண்டாத வேலை எதுவானாலும் வழி கேட்காமல் என் மேஜைக்கு வந்து சேர்ந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம் இந்த வேலையும் வந்து சேர்ந்தது.

தண்ணீரை எப்படி எடுப்பது, கலங்கலை எப்படி அளப்பது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் எடுத்த தண்ணீரை வைத்து ஒரு மனிதனின் பிழைப்பு நிற்கும் அல்லது விழும் என்று வந்துவிட்டால் என்ன செய்வது? அதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

என் குழுவில் பலர் இருந்தாலும் நீங்கள் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் கார்த்திக். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், அப்பா ரயில்வேயில் வேலை. தமிழ்ப் பையன்தான், ஆனால் வாயைத் திறந்தால் முக்கால்வாசி வங்காளம். இன்னொருத்தி ஷம்பா. அதிகம் பேசமாட்டாள், பேசினால் நேராகப் பேசுவாள். ஆய்வுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் கேட்டபோது மற்றவர்கள் காற்று, போக்குவரத்து, பிளாஸ்டிக் பை என்று பெரிய பெரிய விஷயங்களை அடுக்கினார்கள். ஷம்பா எழுந்து, "எங்க பாராவில ஒரு ஃப்ளாட் கட்டறாங்க, மேடம். அங்கேருந்து மண்ணெல்லாம் எங்க குளத்துக்கு வருது. அதைப் பண்ணலாம்" என்றாள்.

பாரா என்றால் அக்கம்பக்கம், பேட்டை. அவளுடைய பாரா லேக் கார்டன்ஸில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். என் வீடு பாதைக்கு இந்தப் பக்கம். இத்தனை வருஷம் இருந்தும் அந்தக் குளத்தை நான் பார்த்ததில்லை. அவர்கள் வங்காளத்தில் பேசியதையெல்லாம் என் வீட்டுத் தமிழில்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எங்க குளம்னா? யாரோட குளம்?"

"எங்கப்பா குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறார்."

இதைக் கேட்டதும் துறைத்தலைவர் அந்தப் பெண்ணைக் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். சம்பந்தப்பட்டவள் கையால் எடுத்த தண்ணீரை யார் நம்புவார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சம்பந்தப்படாதவர்கள் யாரும் அந்தக் குளத்தைப் பற்றி யோசிக்கக்கூட இல்லையே. நான் அவளை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பதிலுக்கு ஒரு விதி போட்டேன். எப்போதும் இரண்டு ஜாடி: தண்ணீர் வரும் திசையில் கட்டடத்துக்கு மேலே, டீக்கடைப் பக்கம் வாய்க்காலில் ஒன்று, கட்டடத்தைத் தாண்டி, வாய்க்கால் குளத்தில் விழும் இடத்தில் ஒன்று. ஷம்பா ஒருபோதும் தனியாக எடுக்கக் கூடாது, கூட ஒருவர் நிற்க வேண்டும். இன்னொன்றும் சொன்னேன். கட்டடத்துக்குள் யாரும் காலை வைக்கக் கூடாது, பொது வாய்க்காலில் மட்டுமே கை வைக்கலாம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். வேலிக்குள் நுழைந்தால் பேச்சு தண்ணீரை விட்டுவிட்டு உங்களைப் பற்றி ஆகிவிடும்.

குளத்தை முதலில் பார்த்த அன்றே ஷம்பாவின் அப்பா ஹராதன் நிலைமையைச் சொல்லிவிட்டார். நெஞ்சு வரைக்கும் ஏற்றிக் கட்டிய லுங்கி, எப்போதும் ஈரமான கை. குளத்துக்குச் சொந்தக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பங்காளிகள். மீன் வளரும்வரை குத்தகை ஓடும். வளராவிட்டால் இவர் விட்டுவிடுவார், பங்காளிகள் ப்ரோமோட்டருக்குக் கொடுத்துவிடுவார்கள். கொல்கத்தாவில் பழைய வீட்டையும் காலி இடத்தையும் வாங்கி ஃப்ளாட் கட்டுபவருக்கு ப்ரோமோட்டர் என்று பெயர். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

"மழை தொடங்கறப்போ குஞ்சு விட்டேன், திதிமொனி" என்றார். பெண் டீச்சரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பாதி மிதக்குது. மீதியும் போச்சுன்னா இந்தக் குளம் அடுத்த வருஷம் குளமா இருக்காது."

இறந்த ஒரு மீன்குஞ்சை உள்ளங்கையில் வைத்துச் செவுளைப் பிரித்துக் காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் களிமண் அடைத்திருந்தது. மீனைக் கிட்டத்தில் பார்க்கவே கூச்சப்படும் சைவக்காரி நான். ஆனாலும் பார்த்தேன். பார்த்த பிறகு இந்த வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்ற புலம்பல் என்னை விட்டுப் போனது. இதை முடித்தே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அதன் பிறகு நாங்கள் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். கொல்கத்தாக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஊரில் காலையில் மழை கொட்டினால் 'ரெயினி டே' என்று விடுமுறை விட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடத்து வழக்கம்தான், ஆனால் எங்கள் பிரின்சிபாலுக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. மணி அடித்ததும் பெரிய பெரிய பையன்களும் குழந்தை மாதிரி கூச்சல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். வீட்டில் கிச்சுரி தயாராக இருக்கும். அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வைத்து, கூடக் கத்தரிக்காய் வறுவல். மழை நாளுக்கு அங்கே அதுதான் சமையல், எங்கள் தமிழ் வீடுகளிலும் அப்பளத்தோடு அதே கிச்சுரிதான். யார் அதை விட்டுவிட்டு வெளியே போவார்கள்?

எங்கள் ஆய்வு நாள் புதன்கிழமை மதியம். புதன்கிழமை மழை பெய்தால் ரெயினி டே. பெய்யாவிட்டால் ஜாடியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். வாரா வாரம் தவறாமல் போனோம். மேலே எடுத்த தண்ணீரும் கீழே எடுத்த தண்ணீரும் அக்கா தங்கை மாதிரி ஒன்றுபோலவே இருந்தன. கார்த்திக் அழகான கையெழுத்தில், கட்டடத்தால் வாய்க்காலுக்குப் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்று முடிவுரையே எழுதிக்கொண்டு வந்துவிட்டான். ஷம்பா அதை வாங்கிப் படித்தாள்.

"மேடம், நீங்க எல்லாரும் வர்றப்போ வாய்க்கால் தூங்கிட்டு இருக்கும். அது முழிச்சுக்கிறப்போ நீங்க வீட்ல உட்கார்ந்து கிச்சுரி சாப்பிட்டுட்டு இருப்பீங்க."

நான் சிரித்துவிட்டேன். கார்த்திக்தான் சிரிக்கவில்லை, முடிவுரையைக் கிழித்துப் போட்டான். மழைத்தண்ணீர் கொண்டுவரும் மண்ணை அளக்கிறேன் என்று கிளம்பிய கூட்டம், மழையில்லாத நாளாகப் பார்த்துப் பார்த்துப் போயிருக்கிறது. எங்களுக்குள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை, ஏனென்றால் மழையன்று வீட்டில் இருப்பது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. உங்கள் ஊரில் அந்த ரெயினி டே எதுவென்று நீங்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் முதல் வழக்கம் மாறியது. கழுவிக் காயவைத்த ஜாடிகள் ஒரு பையில் ஆய்வுக்கூட வாசலிலேயே இருக்கும். எல்லாம் என் வீட்டுக் கண்ணாடி ஊறுகாய் ஜாடிகள். வாசனை போகக் கழுவுவதற்குள் கை வெளுத்துவிட்டது. பை காலியானால் அன்றே கழுவித் திரும்ப வைக்க வேண்டும் என்று உயிரை எடுப்பேன். மழைக்கு ஜாடி வைத்து மேடம் விரதம் இருக்கிறார் என்று மற்ற பேராசிரியர்கள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். ரெயினி டே மணி அடித்ததும் கல்லூரி முழுக்க ஒரு பக்கம் ஓட, நாங்கள் குடையோடு இன்னொரு பக்கம் ஓடினோம்.

முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது. டீக்கடைப் பக்கம் எடுத்த ஜாடியில் அழுக்குத் தண்ணீர்தான், தெருவில் ஓடும் எந்தத் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும். கட்டடத்தைத் தாண்டி எடுத்தது கேழ்வரகுக் கூழ் மாதிரி இருந்தது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை வாய்க்கால் ஓரமாகவே குவித்திருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் குவியல் கரைந்து குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜாடிகளை ஜோடி ஜோடியாக அலமாரியில் வைத்தோம். மண் அடியில் தங்கியதும் எவரும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். மேலே எடுத்ததில் நகத்தளவு மண், கீழே எடுத்ததில் விரல் தடிமனுக்கு. மழைக்கு மழை அதே கதை. அளவெடுத்து எழுதியதெல்லாம் தனியாக இருந்தது, ஆனால் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றால் கணக்கே தேவைப்படாது.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. ராத்திரியெல்லாம் கொட்டி, காலையில் ஊரே மிதந்தது. கங்கையில் அப்போது கடல்நீர் ஏறும் நேரம். மதகை மூடிவிட்டால் ஊர்த்தண்ணீர் போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். பஸ் இல்லை, டிராம் இல்லை, என் வீட்டு டெலிபோனும் செத்துக் கிடந்தது. பாதைக்கு அந்தப் பக்கம் போகிற சுரங்கப்பாதையில் கழுத்தளவு தண்ணீர். கார்த்திக் மறுநாள் வந்து, "மேடம், கித்தர்பூர்ல ஜோல் ஜமிச்சுப் போச்சு, என்ன பண்றது, ஏகதம் பந்த்" என்றான். தண்ணீர் தேங்கிவிட்டது, எல்லாம் அடைத்துவிட்டது என்பதை அவன் தமிழில் அப்படித்தான் சொல்வான்.

ஷம்பா மட்டும் ஒரு ஜாடியோடு வந்தாள். குளத்து வாய்க்காலில் எடுத்தது. மண் மூன்று விரல் தடிமனுக்கு இருந்தது. இத்தனை நாள் எடுத்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கேட்டேன்:

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லை, மேடம். யாராலயும் வர முடியலை."

"மேல எடுத்தது எங்கே?"

"டீக்கடை வரைக்கும் போக முடியலை. இடுப்பளவு தண்ணி."

"தண்ணி எந்தப் பக்கம் போயிட்டிருந்தது?"

கொஞ்சம் தயங்கினாள். "எல்லாம் ஒரே தண்ணியா நின்னுது, மேடம். தெரியலை."

அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பெண்ணை அதற்கு மேல் குடைய மனம் வரவில்லை. அந்த ஜாடியைத் தனியாக வைத்து, ஒருவர் மட்டும் எடுத்தது, இதற்கு ஜோடி இல்லை என்று சீட்டு ஒட்டச் சொன்னேன். முடிவுகளில் அதைச் சேர்க்கவில்லை. தூக்கியும் எறியவில்லை. சந்தேகமாக இருப்பதை மறைக்கவும் கூடாது, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடவும் கூடாது என்பது என் வழி.

சில நாளில் அந்தப் பாராவின் இளைஞர் கிளப்பில் இந்த மண் விவகாரத்தைப் பேசக் கூட்டம் போட்டார்கள். வார்டு கவுன்சிலர் வந்திருந்தார். குளத்துப் பங்காளிகள் ஆளுக்கொரு மூலையில் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கிளப் பையன்களுக்குத் தர்மசங்கடம். அந்த வருஷம் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கிலும் ஆளும் தருவதாக ப்ரோமோட்டர் சொல்லியிருந்தார், எதிரே அவர்கள் காக்கு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் ஹராதன் உட்கார்ந்திருக்கிறார். ப்ரோமோட்டர் தரப்பில் வந்தது சைட் என்ஜினியர். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. வில்லன் மாதிரி யாராவது வருவார்கள் என்று தயாராகப் போயிருந்த எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஜாடிகளை மேஜையில் வரிசையாக வைத்தோம். ஒற்றை ஜாடியைக் கடைசியில் தள்ளி வைத்தேன்.

"மழை பெய்தா கொல்கத்தாவில எந்தத் தண்ணிதான் கலங்காம இருக்கு, மேடம்? எங்க சைட்டை மட்டும் எப்படிச் சொல்வீங்க?" என்று என்ஜினியர் கேட்டார்.

நல்ல கேள்வி. கார்த்திக் எழுந்து ஜோடிகளைக் காட்டினான். ஒரே மழை, ஒரே வாய்க்கால், ஒரே நேரம்; உங்கள் வாசலுக்கு முன்னால் இது, தாண்டிய பிறகு இது. வங்காளத்தில் அவன் பேசினால் கேட்கச் சுகமாக இருக்கும். கவுன்சிலர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஜாடியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பங்காளிகள்கூடப் பகையை மறந்து எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் எங்கள் பக்கம் சாய்வது நன்றாகவே தெரிந்தது.

அப்போது கிளப் பையன் ஒருவன் கடைசி ஜாடியைத் தூக்கி, "இதைப் பாருங்க அண்ணா, பாதி ஜாடி மண்ணு!" என்று கத்தினான். அறை முழுக்க ஒரே சத்தம். ஹராதன் முகத்தில் அன்றுதான் முதன்முதலாக வெளிச்சத்தைப் பார்த்தேன்.

என்ஜினியர் அமைதியாகக் கேட்டார்: "இதுக்கு ஜோடி எங்கே?"

சீட்டில் எழுதியிருப்பதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஷம்பா எழுந்துவிட்டாள்.

"அதை எடுத்துடுங்க. அந்த மண்ணு இவங்களோடது இல்லை."

அவள் கூட்டத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினாள். "அன்னிக்கு எங்க வீட்டு வாசல்லேருந்து அப்பாவோட செருப்பு மிதந்து போயிடுச்சு. தேடிப் போனேன். சைட் கேட்டுல போய் மாட்டியிருந்தது. தண்ணி குளத்துலேருந்து சைட்டுக்குப் போயிட்டிருந்தது, சைட்லேருந்து குளத்துக்கு வரலை. குளத்துக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க இல்லையா, அந்த மண்ணா இருக்கும். யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. இவங்களோடது இல்லைங்கறது தெரியும்."

கிளப் பையன்கள் சிரித்தார்கள். ஹராதன் சிரிக்கவில்லை. தன் மகள் தன் குளத்தைத் தூக்கி எதிராளி கையில் கொடுத்துவிட்ட மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, இதை என்னிடம் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அதே சமயம் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அங்கே நேரமில்லை.

"ஒண்ணு தப்புன்னா மத்ததெல்லாம் சரின்னு எப்படி நம்பறது?" என்றார் என்ஜினியர். கவுன்சிலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கூட்டம் முடியப் போகிறது என்பதற்கு அடையாளம் அது. முடிந்தால் குளமும் முடிந்தது.

அந்த இடத்தில் ஒரு ஆசிரியருக்குக் கை பரபரக்கும். மாணவியைக் காப்பாற்றவும், ஜாடியைக் காப்பாற்றவும், தன் பெயரைக் காப்பாற்றவும் ஒரே மூச்சில் பேசத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நான் எவ்வளவு பேசினாலும் அது என் பேச்சுதானே. அந்தப் பெண்ணின் வாயை அடைக்காமல் விட்டதால் எங்களிடம் புதிதாக ஒன்று மிஞ்சியிருந்தது. எங்களுக்கு எதிரானதையும் நாங்கள் சொல்லுவோம் என்பதை அறையே பார்த்துவிட்டது. அதை வைத்துத்தான் மேலே போக முடியும் என்று தோன்றியது.

ஒற்றை ஜாடியைக் கையில் எடுத்து மேஜைக்குக் கீழே வைத்தேன். "இது போச்சு. மத்ததையும் நீங்க நம்ப வேண்டாம்" என்றேன். "அடுத்த மழைக்கு நீங்களே வாங்க. ஜாடி நான் தரேன். மேலயும் கீழயும் நீங்களே உங்க கையால எடுங்க. நாங்க குடை மட்டும் பிடிக்கிறோம். ரெண்டும் ஒண்ணா இருந்தா இந்த ஜாடியெல்லாத்தையும் இதே குளத்துல கவுத்துட்டு நாங்க போயிடறோம்."

என்ஜினியர் பதில் சொல்வதற்குள் கிளப் பையன்கள், "வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குக் கால்பந்து ஆட்டம் மாதிரி ஆகிவிட்டது. கவுன்சிலர் மறுபடி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நியாயம்தானே?" என்றார். என்ஜினியர் தலையாட்டினார்.

திரும்பும்போது ஷம்பா எங்களோடு ரயில் பாதை வரைக்கும் நடந்து வந்தாள். ஹராதன் மகளோடு ஒரு வார்த்தை பேசாமல் முன்னாலேயே போய்விட்டிருந்தார்.

"ஏன்மா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீங்க அன்னிக்கே அதைத் தூக்கிப் போட்டுடுவீங்க, மேடம். அது இருந்தா குளம் இருக்கும்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் சொன்னே?"

"எல்லாரும் அதை மட்டும் பார்த்துட்டு இருந்தாங்க. மழையில நனைஞ்சு எடுத்த மத்த ஜாடியை ஒருத்தரும் பார்க்கலை. அதெல்லாம் நிஜம் இல்லையா, மேடம்?" சொல்லிவிட்டு அழுதாள். "அப்பா இனிமே பேசவே மாட்டார்."

கார்த்திக் தன் பங்குக்கு, "காந்திஸ் நா, அழாதே, மழை வரும்" என்றான். வந்தால் போதுமே என்று நானும் நினைத்தேன். ஆறுதலாக வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு மழை எங்களோடு விளையாடியது. ஆகஸ்ட் மாதக் கொல்கத்தா, ஆனால் வானம் காய்ந்து கிடந்தது. தினமும் அலமாரியைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஹராதன் மகளோடு பேசவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கறுத்துக்கொண்டு வந்தது. மணி அடித்தது. வாசலில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டீக்கடையில் என்ஜினியர் ஏற்கெனவே பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். அந்த மனிதர் வராமல் இருந்திருக்கலாம், வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வந்தாரே, அதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. குடை பிடித்தது கார்த்திக். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்றாள் ஷம்பா. ஒரு காகிதத்தைக் கிழித்து வாய்க்காலில் போட்டாள். அது கட்டடத்தைத் தாண்டிக் குளத்துப் பக்கம் ஓடியது. பின்னாலேயே கிளப் பையன்களும் ஓடினார்கள்.

என்ஜினியர் மேலே ஒரு ஜாடி எடுத்தார். கீழே வந்து குனிந்து இன்னொன்று எடுத்தார். தூக்கிப் பார்க்கவேயில்லை. கையில் அந்த மண்ணின் கனம் தெரிந்திருக்க வேண்டும்.

"இது நாங்க கொட்டினதுதான்" என்றார்.

கரையில் நின்ற ஹராதன் அதைக் கேட்டார். மகளிடம் போய், "தலையைத் துவட்டு, ஜுரம் வந்துடும்" என்று தோளில் கிடந்த கம்சாத் துண்டை நீட்டினார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்கும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

ப்ரோமோட்டர் உடனே திருந்திவிட்டார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கவுன்சிலர் பார்க்கிறார், பாரா பார்க்கிறது, சொந்த என்ஜினியரே வாயால் சொல்லிவிட்டார், வேறு வழியில்லை. மண் குவியலை வாய்க்கால் ஓரத்திலிருந்து நகர்த்தினார்கள். ஓரமெல்லாம் மணல் மூட்டை அடுக்கினார்கள். தண்ணீர் நின்று மண் தங்கிப் போவதற்குக் குளத்துக்கு முன்னால் ஒரு குழி வெட்டினார்கள். குழி நிரம்பினால் வாரிக் கொட்டுகிறார்களா என்று பார்க்க மழைக்கு மழை நாங்கள் போனோம். சில தடவை வாராமல் விட்டார்கள். ஜாடியைக் காட்டினோம், மறுபடி வாரினார்கள். மழைக்காலம் முடிகிற வரைக்கும் இந்த இழுபறிதான். இருந்த மீன்குஞ்சில் எத்தனை மிஞ்சியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹராதனிடம் கேட்கத் தைரியமும் வரவில்லை. குத்தகையை அந்த வருஷம் விடவில்லை என்று மட்டும் ஷம்பா சொன்னாள்.

ப்ராஜெக்டுக்குச் சுமாரான மார்க்தான் கிடைத்தது. போதுமான அளவு மாதிரிகள் எடுக்கப்படவில்லை என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குறிப்பு எழுதினார். அவருக்கு எப்படித் தெரியும், அவர் மழையில் நின்றாரா? விடுங்கள், இன்னும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

அடுத்த ஜூன். அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் 'தப் தப்' என்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் ஹராதன் படியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அண்டா மாதிரி பெரிய அலுமினிய ஹாண்டி, நிறையத் தண்ணீர். உள்ளங்கையால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார். மீனை உயிரோடு கொண்டுபோகிறவர்கள் வழியெல்லாம் அப்படி அடித்துக்கொண்டேதான் போவார்கள், இல்லாவிட்டால் காற்றுப் போதாமல் மீன் செத்துவிடும்.

எட்டிப் பார்த்தேன். ஹாண்டியை அடைத்துக்கொண்டு ஒரு கட்லா மீன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, நாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், திதிமொனி. நீங்க சாப்பிட மாட்டீங்க. பார்க்கறதுக்குத்தான் கொண்டுவந்தேன்." கை தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது. "போன வருஷத்துக் குஞ்சு. அந்த மண்ணுல பிழைச்சதுங்க. நிறைய இருக்கு. இதைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுடப் போறேன்."

நான் படியில் உட்கார்ந்தேன். அதுவரைக்கும் மீனைத் தொட்டதில்லை. புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டேன். அது என் கையை இடித்துவிட்டுத் திரும்பியது, நல்ல பலம். ஹராதன் சிரித்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மேலே படிக்கப் போகிறாளாம். தண்ணீரைப் பற்றித்தான்.

ஹாண்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தவர், ரயில் பாதைப் பக்கம் ஆகாசத்தைப் பார்த்தார். அந்த வருஷத்து முதல் மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

"மழை வருது, திதிமொனி. அந்தக் கட்டடத்துக்குப் பின்னால இன்னொண்ணு ஆரம்பிச்சுட்டாங்க. ஜாடியெல்லாம் கழுவி வச்சாச்சா?"

கழுவித்தான் வைத்திருந்தேன்.